படக்கதை சொன்னவர்களும் படம் எடுக்கப் போகிறவர்களும்

(தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் பெற்றோரும் இளைஞரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க, விறகு பொறுக்க, டவுனுக்குப் போக என்று உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன்.

நான் சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முன்னால் இருக்கும் அம்மாமார் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. "பிள்ளைக ஏற்கனவே போனும் கையுமாத்தான் கெடக்குதுக. இதுல நீங்க வேற வந்து சினிமாவப் பத்திப் பேசணுமா?" என்கிறீர்கள். இந்த டிவிசன் பிள்ளைகள் சிலர் சேர்ந்து போனிலேயே ஒரு சின்னப் படம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். பெற்றோர் சிலர் கூடாது என்கிறார்கள். "எம் மகளப் படம் புடிச்சு எங்கயாவது போட்டுட்டா யாரு பதில் சொல்றது?" என்று ஒரு தாய் என்னிடம் நேரில் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் இங்கிருந்து போகப் போவதில்லை. ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும்.

எங்கள் தாய் தகப்பன் காலத்தில் படம் பார்ப்பது லேசான காரியமா? சம்பளம் வாங்கி, கடைக் கடன் கட்டி, மிஞ்சியதில் டிக்கட்டுக்கும் பஸ்ஸுக்கும் காசு பார்க்க வேண்டும். ஹட்டனுக்கோ பதுளைக்கோ நாவலப்பிட்டிக்கோ போய், படம் விட்டு வரும்போது கடைசி பஸ்ஸும் போயிருக்கும். பிறகு தேயிலை மலைக்குள்ளால் குறுக்கு வழியில் நடைதான். ஆகவே ஒரு லயத்திலிருந்து நாலு பேர் படம் பார்க்கப் போவார்கள். மறுநாள் நாற்பது பேர் அந்தப் படத்தைக் கேட்பார்கள். ஆமாம், கேட்பார்கள்.

ஒவ்வொரு லயத்திலும் படக்கதை சொல்வதில் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தார். அநேகமாகப் பெண்தான். மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும்போது கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் கதை சொல்லும். கதாநாயகன் எப்படி நடந்து வந்தான், வில்லன் எப்படிச் சிரித்தான், மாமியாக்காரி என்ன சொல்லித் திட்டினாள் என்று எல்லாம் வரும். சண்டைக்குக் கூடையை ஆட்டிக் காட்டுவார். சரியாக அந்தப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறப் போகிற நேரம், கங்காணி சத்தம் போடுவார். கொழுந்து நிறுக்கிற நேரம் வந்துவிட்டது. "மிச்சத்த அந்திக்குச் சொல்றேன்டி" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு அக்கா நடந்துவிடுவார். பின்னால் பத்துப் பேர், "தாலி கட்டுனானா இல்லியா, அத மட்டும் சொல்லுக்கா" என்று கெஞ்சிக்கொண்டே மடுவம் வரைக்கும் போவார்கள். அக்கா சொல்ல மாட்டார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். படத்தின் முடிச்சை முன்கூட்டியே அவிழ்த்துவிட்டால் அதற்கு ஸ்பொய்லர் என்று பெயர். கெடுப்பது என்று அர்த்தம். போன மாதம் ஒரு வீட்டில் அண்ணன் டவுனில் படம் பார்த்துவிட்டு வந்து, "கூட்டாளிதான் கொலகாரன்" என்று வாசல்படியில் ஏறும்போதே சொல்லிவிட்டான். தங்கச்சி சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "கதையத்தானே சொன்னான், கைய ஓங்கவா செஞ்சான்?" என்கிறார்.

தாய் சொல்வதும் நியாயம், மகள் கோபப்பட்டதும் நியாயம். அந்தக் காலத்தில் கதை கேட்டவர்களுக்குப் படம் பார்க்கும் வழி இல்லை. அவர்களுக்குக் கதை சொன்னது, ஒருவர் வாங்கிய டிக்கட்டை நாற்பது பேருக்குப் பிய்த்துக் கொடுத்த மாதிரி. இன்றைக்குத் தங்கச்சி அதே படத்தைத் தானே பார்க்கப் போகிறாள். அவள் அடையப் போகிற திடுக்கிடலை அண்ணன் வாசல்படியிலேயே எடுத்துத் தின்றுவிட்டான். ஆகவே கதை சொல்ல வாய் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "நீ பாக்கப் போறியா, கேக்கப் போறியா?" பார்க்கப் போகிறேன் என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கேட்கப் போகிறேன் என்றால் தாராளமாகச் சொல்லலாம்.

முடிவை மறைத்து வைப்பதைப் படம் எடுக்கிறவர்களே பெரிய காரியமாகத்தான் நினைத்தார்கள். 1954இல் எஸ்.பாலச்சந்தர் எடுத்த 'அந்த நாள்' படத்தைப் பெரியவர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். பாட்டே இல்லாத தமிழ்ப் படம். தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுந்துவிடுவார். சுட்டது யார் என்பதுதான் முழுப் படமும். யார் என்று நான் சொல்லப் போவதில்லை, தம்பிமார் போனிலேயே தேடிப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஹிட்ச்கொக் என்ற இயக்குநர் 1960இல் 'சைக்கோ' என்ற படத்தை வெளியிட்டபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று கட்டளை போட்டார். முடிவை வெளியில் சொல்லாதீர்கள் என்று பார்த்தவர்களைக் கேட்டுக்கொண்டார். எங்கள் இலங்கை வானொலியில் படங்களுக்கு விளம்பர நிகழ்ச்சி நடத்திய கே.எஸ்.ராஜாவை மறந்திருக்க மாட்டீர்கள். வசனத்தை ஓடவிட்டு, உச்சக்கட்டம் வரும்போது வெட்டிவிட்டுத் தன் குரலில் வேகமாக எதையாவது சொல்லிவிட்டுப் போய்விடுவார். கேட்டவர்களுக்கு அந்தப் படத்தைப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. மலையில் அக்கா செய்ததும் அதே வேலைதான். அவருக்கு மைக் இல்லை, சம்பளமும் இல்லை.

சரி, முடிவு தெரிந்துவிட்டால் கதை செத்துவிடுமா? அதுவும் இல்லை. மாசி மாதம் காமன் கூத்துப் பார்க்கிறோமே, முடிவு தெரியாதவர்கள் யாராவது இருக்கிறார்களா? காமன் எரியப் போகிறான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போன வருசமும் எரிந்தான், வருகிற வருசமும் எரிவான். ஆனாலும் பனியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். ரதி அழும்போது நாங்களும் அழுகிறோம். ரதி வேசம் கட்டியிருப்பது பக்கத்து லயத்துப் பையன் என்று தெரிந்தும் அழுகிறோம். 1956இல் எம்.ஜி.ஆர் நடித்து 'மதுரை வீரன்' வந்தது. மதுரை வீரன் எங்கள் தோட்டங்களில் கும்பிடுகிற சாமி. மாறுகால் மாறுகை வாங்கப்படுவார் என்று தெரிந்த சனம்தான் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து அழுதது. எம்.ஜி.ஆர் 1917இல் கண்டி மாவட்டத்தில் பிறந்தவர் என்பதால் அவர் மேல் நமக்குத் தனிப் பாசம் என்பது வேறு கதை. அவர் படத்தைச் சுவரில் ஒட்டி வைக்காத காம்பராவே அந்தக் காலத்தில் குறைவு.

2011இல் அமெரிக்காவில் சான் டியாகோ பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் இருவர் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பன்னிரண்டு சிறுகதைகளைக் கொடுத்து, சிலருக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிட்டார்கள். முடிவு தெரிந்தவர்கள்தான் கதையைக் கூடுதலாக ரசித்தார்கள் என்று எழுதினார்கள். பின்னால் வேறு சிலர் ஆய்வு செய்து, அப்படி இல்லை, முடிவு தெரிந்தால் ரசனை குறையத்தான் செய்கிறது என்றும் சொன்னார்கள். என்னைக் கேட்டால், எந்தக் கதை என்பதைப் பொறுத்தது. 'யார் செய்தது' என்ற கதைக்கு முடிவுதான் உயிர். 'இந்தப் பாவிக்கு இப்படி ஆயிற்றே' என்ற கதைக்கு முடிவு முன்னாலேயே தெரிந்தாலும் குறைவில்லை. எதை எப்போது சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும். படம் எடுக்க ஆசைப்படுகிற தம்பி தங்கைமாருக்கு நான் சொல்ல வந்தது இதுதான். மலையில் படக்கதை சொன்ன அந்த அக்காவுக்குக் கமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. படம் எடுப்பதில் பாதி அதுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தாய் வீடு வீடாகப் போகிறாள். ஒவ்வொரு வாசலிலும் மெதுவாக எதையோ கேட்கிறாள். ஒவ்வொரு வீட்டிலும் தலையை ஆட்டி இல்லை என்கிறார்கள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கடன் கேட்கிறாள் என்று நினைப்பார்கள். "இவளுக்கு வேற வேல இல்ல" என்று ஒரு வீட்டுக்காரி சொல்கிறாள். கடைசியில் ஒரு கிழவியின் பெட்டிக்குள் இருந்து மஞ்சளாகிப் போன ஒரு தாள் வெளியே வருகிறது. மகனுடைய பிறப்புப் பத்திரம். வெள்ளத்தில் வீடு மாறியபோது அந்தக் கிழவிதான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். சாதாரண தரப் பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும், அடையாள அட்டை எடுக்க இந்தத் தாள் வேண்டும். இதை முதல் காட்சியிலேயே தாய் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் ஐந்து நிமிசப் படம் அரை நிமிசத்தில் முடிந்துவிடும். சொல்லாமல் வைத்திருந்தால், கடன்காரி என்று நினைத்த ஒவ்வொருவரும் கடைசியில் தலை குனிவார்கள். இந்தக் கதையின் முடிவை நானே உங்களுக்குச் சொல்லிக் கெடுத்துவிட்டேன். ஆகவே இதை எடுக்காதீர்கள். உங்கள் லயத்தில் இதைவிட நல்ல கதைகள் இருக்கின்றன.

ஏன் எங்கள் கதையை நாங்கள் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். எத்தனை படத்தில் தேயிலை மலையைப் பார்த்திருக்கிறோம்! கதாநாயகனும் கதாநாயகியும் பச்சை மலையில் ஓடிப் பிடித்துப் பாடுவார்கள். தூரத்தில் கூடையோடு நாலு பெண்கள் நிற்பார்கள். பாட்டு முடிந்ததும் அவர்களைக் காணோம். அந்த நாலு பெண்களுக்கும் வீடு இருக்கிறதா, பிள்ளை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டவர்கள் எங்கள் நாட்டில் சிலர் இருந்தார்கள். 1963இல் 'தோட்டக்காரி' என்று ஒரு இலங்கைத் தமிழ்ப் படம் வந்தது. 1975இல் வி.பி.கணேசன் நடித்துத் தயாரித்த 'புதிய காற்று' வந்தது. தொழிற்சங்கக்காரர் எடுத்த படம் அது. எழுத்தில் எங்கள் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் கை இருந்தது. குறைகள் இருந்திருக்கலாம். இந்தியப் படங்களோடு போட்டி போட அந்தப் படங்களிடம் பணமும் இல்லை. ஆனால் கூடைக்காரிகள் கதைக்கு நடுவில் வந்தார்கள்.

"எங்களுக்குப் படிப்பு இல்ல, சாமான் இல்ல" என்று சொல்லாதீர்கள். சத்யஜித் ராய் 1955இல் 'பதேர் பாஞ்சாலி' என்ற வங்காளப் படத்தை வெளியிட்டார். அதற்கு முன் அவர் படம் எடுத்ததே இல்லை. விளம்பரக் கம்பனியில் படம் வரைகிற உத்தியோகம். கமராக்காரர் சுப்ரதா மித்ராவுக்கு 21 வயது. அவரும் அதற்கு முன் சினிமாக் கமராவைப் பிடித்ததில்லை. வேலையில்லாத நாட்களில் படம் பிடித்தார்கள். காசு முடிந்து மனைவியின் நகையை அடகு வைத்தார். இங்கே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸும் முதலில் பொழுதுபோக்காகக் குறும்படம் எடுத்தவர்தான். பிறகு 1956இல் 'ரேகாவ' எடுத்தபோது ஸ்டூடியோவை விட்டுக் கிராமத்துக்கு வெயிலில் கமராவைத் தூக்கிக்கொண்டு போனார். (நகை அடகு வைக்கும் யோசனையை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். உங்கள் கையில் உள்ள போனே போதும். கமரா வாங்க என்று கடன்படுகிறவனை நான் கிட்டவும் சேர்க்க மாட்டேன்.)

ராய்க்கு நடந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். வெள்ளை நாணல் பூத்த வெளியில் அக்காவும் தம்பியும் ரயில் பார்க்கிற காட்சி. ஒரு நாள் பாதி எடுத்தார்கள். அடுத்த கிழமை போய்ப் பார்த்தால் பூவைக் காணோம். மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கும் வரை அடுத்த பருவத்துக்குக் காத்திருந்தார்கள். எங்களுக்கு மாடு வேண்டாம், கவ்வாத்து போதும்! இந்த ஞாயிறு பாதிக் காட்சி எடுத்து, அடுத்த ஞாயிறு போனால் மலை மொட்டையாக நிற்கும். ஆகவே ஒரு இடத்தில் எடுக்க வேண்டியதை எல்லாம் ஒரே நாளில் எடுத்து முடியுங்கள். முதல் நாள் கட்டியிருந்த படங்கு, தலைத்துண்டு, கையில் இருந்த வளையல் எல்லாம் மறுநாளும் அப்படியே இருக்க வேண்டும். ஒருவர் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போனை நிமிர்த்திப் பிடிக்காமல் படுக்கையாகப் பிடியுங்கள். லயத்துக் காம்பரா இருட்டு, புகையும் சேரும். உள்ளே எடுக்காமல் வாசல்படிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து வெளிச்சம் முகத்தில் விழ எடுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் சனம் பொறுக்கும். பேச்சு கேட்காவிட்டால் பொறுக்காது. மலையில் காற்று போனுக்குள் புகுந்து ஓவென்று இரையும். இரண்டாவது போன் ஒன்றில் பேச்சை மட்டும் பதிவு செய்யுங்கள். பேசுகிறவரின் சட்டைப் பைக்குள்ளோ, பக்கத்துத் தேயிலைச் செடிக்குள்ளோ அதை மறைத்து வைக்கலாம். அட்டை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டைத் தூக்கிப் போடாதீர்கள். யூடியூப்பில் ஏற்றினால் பாட்டுக்குச் சொந்தக்காரர் சொல்லிச் சத்தத்தை அடைத்துவிட இடமுண்டு. எங்களிடம் தப்பு இருக்கிறது, தப்படிக்கத் தெரிந்தவர் இருக்கிறார். அவரைக் கூப்பிடுங்கள்.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன்.

ஒருவர் முகம் அவருக்குச் சொந்தம். கேட்காமல் எடுத்தால் அது களவு. பீலியில் குளிக்கிற பெண்ணை, பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாயை, குடித்துவிட்டு வழியில் விழுந்து கிடக்கிற மனிசனை எடுத்துச் சிரிப்பு வீடியோ என்று போடுகிறவனைப் படம் எடுக்கிறவன் என்று சொல்லாதீர்கள். அவன் பக்கத்து லயத்து மானத்தை விற்கிறவன். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பிள்ளையிடமும் கேட்க வேண்டும், தாய் தகப்பனிடமும் கேட்க வேண்டும். சரி என்று சொன்னவர் நாளைக்கு வேண்டாம் என்றால் அந்தத் துண்டை வெட்டிவிட வேண்டும். முறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

இன்னொன்று. கொழுந்து பறிக்கிற நேரத்தில் போய், "அக்கா, இன்னொரு தடவ பறிங்க, கமராவப் பாக்காம பறிங்க" என்று நிறுத்தி வைக்காதீர்கள். உங்களுக்கு அது அரை மணித்தியாலம். அவருக்கு அது கிலோ. அந்தியில் தராசில் குறைந்தால் பேர் அரைப்பேராகும். உங்கள் படத்துக்காக அவர் சம்பளம் குறையக் கூடாது. லீவு நாளில் எடுங்கள். இஸ்டோருக்குள் எடுப்பதானால் துரையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். தரமாட்டார் என்றால் வெளியில் நின்று எடுக்கிற மாதிரிக் கதையை மாற்றுங்கள். பாட்டன் பூட்டன் சேர்த்து வைத்த கதைக்கு இஸ்டோர் இல்லாவிட்டால் என்ன?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எங்களில் பலர் இருபது வயதில் கார் பட்டரியில் ஓடிய டி.வி.யைச் சுற்றி அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள். வாடகைக்கு டெக் எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்துவிட்டு, காலையில் பெரட்டில் தூங்கி விழுந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். பிறகு 'சித்தி'க்கும் 'மெட்டி ஒலி'க்கும் அடுப்பைக் கூட அணைக்காமல் ஓடியவர்களும் நாங்கள்தான். பிள்ளை போனைப் பார்க்கிறான் என்று அடிப்பதற்கு முன், அவன் பார்த்துக்கொண்டிருக்கிறானா அல்லது எதையாவது செய்துகொண்டிருக்கிறானா என்று எட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்று இல்லை. மகளை நடிக்க விட மனமில்லை என்றால் விட வேண்டாம். ஆனால் கதை எழுதட்டும், கொப்பியில் வளையல் கணக்கு எழுதட்டும், கமரா பிடிக்கட்டும். கமராவுக்குப் பின்னால் பெண் பிள்ளை நின்றால் முன்னால் நிற்கிற பெண்கள் கூச்சமில்லாமல் பேசுவார்கள். அது படத்துக்கும் நல்லது.

படம் முடிந்ததும் உடனே யூடியூப்பில் போடக் கூடாது. முதலில் இந்த மண்டபத்தில் ஒரு வெள்ளைச் சீலையைக் கட்டி, படத்தில் வருகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் போட்டுக் காட்ட வேண்டும். அவர்கள் எழுந்து நின்று சரி என்று சொன்ன பிறகுதான் வெளியில் போகலாம். இதற்குச் சம்மதமான பெற்றோர் இன்றைக்கே கை தூக்கினால் தலைவர் பெயரை எழுதிக்கொள்வார். சம்மதம் இல்லாதவர்கள் கேள்வி கேட்கலாம், நான் நாலு மணி பஸ் வரைக்கும் இங்கேதான் இருப்பேன்.